வெளியே திறக்கும் கதவு

பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிற அறைக்கு எதிரெதிராக இரண்டு கதவுகள் இருக்கும். இரண்டும் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். வேலை நடக்கிற நேரமெல்லாம் திறந்தே கிடக்க வேண்டும். கதவுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. வாசலில் கூடையோ வாளியோ செருப்போ கிடக்கக் கூடாது. நான் சேர்ந்த அன்றைக்கு எங்கள் போர்மேன் சொன்னார்: "வேலைய அப்புறம் படிச்சுக்கிடலாம்லே. மொதல்ல ஓடப் படி. சத்தம் கேட்டா என்ன ஏதுன்னு நின்னு பாக்காத. நின்னு பாத்தவன் எவனும் இங்கன வந்து கத சொன்னதில்ல."

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வேறு பாடம் எதுவும் மண்டையில் தங்கவில்லை. இந்தப் பாடம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது. கல்யாண வீட்டில் பந்தியின் கடைசி இலைதான் எனக்கு. பஸ்ஸில் படிக்கட்டை ஒட்டிய சீட். இருக்கன்குடிக்குப் போனால் என் வீட்டுக்காரி கூட்டத்துக்குள் புகுந்து அம்மனைப் பார்த்துவிட்டு வருவாள், நான் வெளியே ஆற்று மணலில் நிற்பேன். "சாமி கும்பிட வந்தீகளா, செருப்புக்குக் காவலிருக்க வந்தீகளா?" என்பாள். வீட்டிலும் அப்படித்தான். அவள் ஏதாவது கதையை ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கதை பிடிக்காமல் இல்லை. ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் தொண்டையில் வந்தது.

போன தீபாவளி சீசனில் குரல் கட்டியது. தூசி என்று நினைத்தேன். சீசன் முடிந்து, மழை முடிந்து, பொங்கலும் முடிந்தது. குரல் திரும்பவில்லை. கவலைப்படுவது என் தொழில் மாதிரி. செல்போன் லைட்டை வாய்க்குள் அடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதுதான் மிச்சம். கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஆரம்ப நிலைதான், ஆபரேஷன் வேண்டாம், கரண்ட் வைத்தால் போதும் என்றார் டாக்டர். எங்கள் ஊர்ப் பக்கம் கதிர் சிகிச்சையை அப்படித்தான் சொல்வார்கள், கரண்ட் வைக்கிறது.

"எதுனால வந்துச்சு சார், மருந்துத் தூசியா?" என்றேன்.

"பீடி குடிச்சீங்களா?"

"விட்டுட்டேன் சார்."

"எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. செல்லுக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒரு கயிறு இருக்கு. ரெண்டு இழை முறுக்கினது. அது அறுந்துக்கிட்டும் உடம்பு அதை ஒட்டிக்கிட்டும் இருக்கும், எல்லாருக்கும், தினமும். வெயில் பட்டாலே அறும். எங்கேயோ ஒரு தடவை ஒட்டினது கோணலாப் போச்சு."

வெயில் பட்டாலே அறும் என்றால் எங்கள் ஊர்க்காரன் எவன் முழுசாக இருப்பான்? அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

கதிர் வைப்பதற்கு முன்னால் காந்த மிஷினில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கிருந்த பையன் வாசலிலேயே நிறுத்திக் கேட்டான்: "உடம்புல எங்கேயாவது இரும்பு இருக்கா?"

கம்பி மத்தாப்புப் பிரிவில் இளவயதில் பல வருடம் கிடந்தவன் நான். மத்தாப்பில் பூப்பூவாகச் சிதறுவதே இரும்புத் தூள்தான். அது நகக்கண்ணில் ஏறும், முடியில் ஏறும், ஒருதடவை கண்ணில் விழுந்து கட்டுப் போட்டிருந்தேன். முன்கையில் தோலுக்கு அடியில் கறுப்பாக ஒரு புள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

"எங்கன இருக்குன்னு கேக்காதீக தம்பி, எங்கன இல்லன்னு கேளுங்க" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கண்ணுக்குள் இரும்புத் துகள் இருந்தால் காந்தம் அதை அசைத்துவிடும், பார்வையே போகலாம் என்றான். முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்ணில் ஒன்றுமில்லை. கைப் புள்ளி சூடாகத் தெரிந்தால் சொல்லச் சொல்லிவிட்டு என்னைக் குழாய்க்குள் தள்ளினார்கள். மூக்குக்கு நேர் மேலே கூரை. தட தடவென்று சத்தம், சரவெடியைத் தகரக் கொட்டகைக்குள் கொளுத்திப் போட்டது போல. சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்று படித்த காலுக்கு அந்தக் குழாய்க்குள் என்ன வேலை? கையில் இருக்கிற இரும்பு இப்போது கிளம்பும், இப்போது கிளம்பும் என்று அந்தப் புள்ளியையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அது கிளம்பவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பையனிடம் கேட்டேன், காந்தமும் அந்தக் கயிற்றை அறுக்குமா என்று. "அறுக்குற அளவுக்கு அதுக்கு வலு கிடையாதுங்க. உடம்புல இருக்குற தண்ணிய லேசாத் திருப்பிப் பாக்கும், விட்டுரும். அறுக்குறது அடுத்து நீங்க போற ரூம்" என்றான். ஆறுதல் சொல்லத்தான் சொன்னான். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் கேட்டது.

கதிர் அறையில் இருந்தவள் சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. கழுத்தில் சின்னச் சிலுவை. பேச்சில் எங்கள் ஊர் வாடை அடித்ததில் கொஞ்சம் தைரியம் வந்தது. அவள்தான் எனக்கு முகமூடி செய்தவள். ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் இளகுகிறது. அதை அப்படியே சூட்டோடு என் முகத்தில் விரித்து, நெற்றி, மூக்கு, தாடை, கழுத்து என்று விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். ஆறினதும் என் முகமே இறுகிப் போய்த் தனியாகக் கையில் வந்தது. தினமும் கட்டிலில் படுத்ததும் அதை மாட்டி, இரண்டு பக்கமும் கட்டிலோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். கதிர் மயிரிழை பிசகக் கூடாதாம்.

முதல் நாள் பூட்டினாள். முகத்தில் கண்ணிமை மட்டும்தான் என் வசம்.

"அண்ணாச்சி, காமிராவுல பாத்துக்கிட்டே இருப்போம். முடியலன்னா கையத் தூக்குங்க, நிறுத்திருவோம். சரியா?"

பல்லை அசைக்க முடியாமல் கேட்டேன்: "கதவ லேசாத் தெறந்து வையிம்மா."

"தெறந்திருந்தா மிஷினே ஓடாது அண்ணாச்சி."

ஒரு முழம் கனமான கதவு அது. ஈயம் வைத்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல் சாத்திக்கொண்டது. ஆலையில் ஆபத்து என்றால் எல்லோரும் ஓடுவோம். இங்கே எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், ஆபத்தோடு என்னை மட்டும் கட்டிலில் பூட்டிப் போட்டுவிட்டு. மிஷின் உர்ரென்றது. நான் கையைத் தூக்கினேன். நிறுத்தினார்கள், வந்தார்கள், கழற்றினார்கள், மூச்சு வாங்கினேன், திரும்பப் பூட்டினார்கள். அன்றைக்கு எத்தனை தடவை தூக்கினேன் என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். அவள் முகம் சுளிக்கவில்லை.

வெளியே வந்ததும் வராண்டாவில் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தேன். ஆலை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஒரு பொறி போதும் என்பதால். அந்தப் பழக்கம்.

"என்ன அண்ணாச்சி, கும்பிடுறீகளா?" என்றாள் அந்தப் பிள்ளை.

"இல்லம்மா, எறக்கிட்டுப் போறேன். வீட்டுல பேரப்புள்ள இருக்கு."

சிரித்துவிட்டாள். "லைட்ட அமத்துனா வெளிச்சம் செவத்துலயா ஒட்டியிருக்கு? அப்படித்தான். மிஷின் நின்னா கதிரும் போச்சு. பேரப்புள்ளயத் தூக்கிக் கொஞ்சுங்க."

"அப்ப அது உள்ள போயி என்னதாம்மா செய்யிது?"

"டாக்டர் சொல்லியிருப்பாரே, செல்லுக்குள்ள ஒரு கயிறு, அத அறுக்குது. கெட்டதையும் அறுக்கும், பக்கத்துல இருக்குற நல்லதையும் அறுக்கும். நல்லது விடியுறதுக்குள்ள ஒட்டித் தச்சுக்கிரும். கெட்டதுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது. அதான் ஒரேயடியா வைக்காம தெனமும் கொஞ்சம் கொஞ்சமா வைக்கிறது. சனி, ஞாயிறு லீவு."

அதை அப்படியே என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அங்கேதான் இரண்டு பேரும் சேர்ந்து தப்புக் கணக்குப் போட்டோம்.

வாரங்கள் போகப் போகக் கழுத்து கறுத்தது. எச்சில் விழுங்கினால் முள். கஞ்சியும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. தொட்டுப் பார்த்தால் கழுத்து கொதிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தேன். சனி, ஞாயிறு போனதில் கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் ஆலைக்காரிதான், காயவைக்கிற மேடையிலும் பேக்கிங்கிலும் பாதி ஆயுசைக் கழித்தவள்.

"ரெண்டு நா விட்டதுல முகம் தெளிஞ்சிருக்கே" என்றாள்.

"நல்லது ஒட்டுதுல்ல."

"அப்ப இன்னும் ரெண்டு நா விட்டா இன்னும் நல்லா ஒட்டும்ல?"

எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் வெயிலில் காய்ந்த வெடியை அந்தச் சூட்டோடு யாரும் தொட மாட்டோம். வெயில் தாழ வேண்டும், சூடு ஆற வேண்டும், பிறகுதான் அள்ளிப் பெட்டியில் போட வேண்டும். அவசரக்காரன் கையைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும் என்பார்கள். சூடான பொருளை ஆறவிடு, இது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த புத்தி. கழுத்தும் சூடாகத்தானே இருந்தது?

"ஆறட்டும்" என்றேன்.

"ஆறட்டும்" என்றாள்.

எனக்கு உள்ளூர இன்னொரு சந்தோஷமும் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. திங்கள்கிழமை அந்தக் கதவு எனக்குப் பின்னால் சாத்தாது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கிடந்தேன். நாலு பக்கமும் வெளி. பேரன் மேலே ஏறி விளையாடினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தச் சாத்தூர்ப் பிள்ளையிடமிருந்து போன் வந்தது. என் குரல் எடுபடாது என்பதால் என் வீட்டுக்காரிதான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"யக்கா, அண்ணாச்சி ஏன் ரெண்டு நாளா வரல? ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லா இருக்காகம்மா. கழுத்து சூடா இருக்குன்னு ஆறப் போட்டுருக்கோம். நீதான சொன்ன, விட்டாத்தான் ஒட்டும்னு."

அந்தப் பிள்ளை பதறிவிட்டாள்.

"ஐயோ யக்கா. நீங்க ஆறவிட்டா அதுவும் சேந்துல்ல ஆறும்!"

"எது?"

"கெட்டது. அதுக்குத் தைக்கத் தெரியாம இல்லக்கா, மெதுவாத் தைக்கும். அது தச்சு முடிக்கிறதுக்குள்ள மறுநா நாம அறுக்கணும். அதனாலதான் ஒருநா கூடத் தவறக் கூடாது. சனி, ஞாயிறு கணக்குல உண்டு, அதுக்கு மேலயும் நீங்க நேரம் குடுத்தா அது தச்சும் முடிச்சிரும், பெருகவும் செய்யும். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வந்துருங்க."

போனை வைத்த பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். தொண்டைக்குள் இருட்டில் இரண்டு இழைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து முறுக்கிக்கொள்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது. எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது, அதற்குச் சோறு போடுகிறேனோ என்று. வேப்பமரத்தடியும் அன்றைக்கு அறை மாதிரி ஆகிவிட்டது. எங்கே ஓடினாலும் கழுத்தும் கூடவேதானே வரும்.

மறுநாள் டாக்டர் திட்டுவார் என்று போனோம், திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "விட்ட ரெண்டு நாளை ஈடு கட்டிடலாம்" என்றார். "இந்த வெள்ளிக்கிழமை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அடுத்த வெள்ளியும் அப்படியே. நடுவுல ஆறு மணி நேரமாவது விடணும், நல்ல செல் ஒட்டிக்கிறதுக்கு. ஆனா இனிமே ஒரு நாளும் தவறக் கூடாது. தவறினா நான் சொல்ற குணம் கிடைக்கும்னு சொல்ல முடியாது."

ஒரே நாளில் இரண்டு தடவை. ஒரு தடவை பூட்டுவதற்கே முந்தின நாள் முழுக்கத் தயாராகிறவன் நான்.

வெள்ளிக்கிழமை காலைத் தடவையில் பாதியில் கையைத் தூக்கினேன். திரும்பப் பூட்டினார்கள். திரும்பவும் தூக்கினேன். ஒருவழியாக முடிந்தபோது முகமெல்லாம் வலைத் தடம். அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார வேண்டும். வெயில் ஏற ஏற எனக்குத் தெரிந்துவிட்டது, சாயங்காலம் என்னால் முடியாது. எழுந்து கேட்டைப் பார்க்க நடந்தேன். என் வீட்டுக்காரி பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், தடுக்கவில்லை.

"எங்க போறீக?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

"சரி, போவோம். போயி?"

"வீட்டுக்கு."

"போயி?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"மரத்தடியில படுத்துக்கிட்டு, அது தைக்கிறதக் கேட்டுக்கிட்டு இருக்கணும், அம்புட்டுதான?" என்றாள். "எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல. உங்களுக்கு உள்ள இருக்க என்ன கஷ்டம், அதச் சொல்லுங்க."

"கதவு."

"கதவுக்கு அந்தப் பக்கம் நாந்தான உக்காந்திருக்கேன்?"

"நீ இருக்கேன்னு எனக்கெப்படித் தெரியும்? அங்கன ஒண்ணும் கேக்காது. உர்ருன்னு மிஷின் மட்டுந்தான்."

அவள் அங்கேயே நின்றாள். பிறகு பையை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி விறுவிறு என்று உள்ளே நடந்தாள். பையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? பஸ்ஸுக்குக் காசும் அதில்தான், என் செருப்புக் கட்டைவிரல் வாரைத் தைக்க வைத்திருந்த ஊசியும் அதில்தான். பின்னாலேயே போனேன். அவள் அந்தச் சாத்தூர்ப் பிள்ளையோடு காதில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை முதலில் தலையாட்டவில்லை, பிறகு ஆட்டினாள்.

சாயங்காலம் படுத்தேன். பூட்டினாள். கதவு சாத்தியது. நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. விரல்கள் தாமாகவே கட்டில் விளிம்பை விட்டு எழுந்தன. அப்போது கூரையில் எங்கிருந்தோ ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஏங்க. நாந்தான். மைக்குல பேசுறேன். கேக்குதா? கேட்டாலும் தலைய ஆட்டாதீக, ஆட்டக் கூடாதாம்."

விரல் அப்படியே நின்றது.

"எத்தன வருசமா நான் வாயத் தொறந்தா எந்திரிச்சுப் போவீக. இப்ப போங்க பாப்போம்."

பக்கத்தில் அந்தப் பிள்ளை சிரிக்கிற சத்தமும் கேட்டது. மிஷின் உர்ரென்று என் தலையைச் சுற்றி வர ஆரம்பித்தது.

"எங்க பேக்கிங் செட்டுல போன வருசம் ஒரு கூத்து. என் தூக்குவாளியில கருவாட்டுக் கொழம்பு தெனமும் கொறையிது. மூடி போட்டபடி இருக்கும், கொழம்பு பாதிதான் இருக்கும். கேட்டா எல்லாரும், 'ஐயோ மதினி, நாங்க கருவாடே திங்க மாட்டோம்'ங்காளுக. வெள்ளிக்கெழம வெரதமாம் ஒருத்திக்கு. சரிடி, கண்டுபிடிக்கிறேன்னு ஒருநா கொழம்புல வெளக்கெண்ணய ஊத்திக் கொண்டு போனேன்."

முகமூடிக்குள் என் கன்னம் வலையில் முட்டியது.

"சிரிக்காதீக! ஆடுனா நிறுத்தணுமாம். நான் அன்னைக்குச் சாப்பிடல, வயிறு சரியில்லன்னுட்டேன். மத்தியானம் போயி மூடியத் தெறந்து பாத்தா கொழம்பு சுத்தமா இல்ல. துடச்சு வச்சிருக்கா. நான் ஒண்ணும் பேசல. உக்காந்து பெட்டி மடிச்சுக்கிட்டே ஒவ்வொருத்தி முகமாப் பாக்கேன். யாரு மொதல்ல ஓடுதான்னு. வெயிலு ஏறுது. ஒருத்தியும் அசையல. எனக்கே சந்தேகம், எண்ணெய் பத்தலையோன்னு. போர்மேன் வந்து லோடு நிக்குது, சீக்கிரம் மடிங்கன்னு கத்திட்டுப் போறாரு. அப்ப பாருங்க, கதவோரத்துல ஒருத்தி, யாரும் நெனச்சே பாக்காத ஒருத்தி, கையில இருந்த பெட்டியப் போட்டுட்டு சடார்னு எந்திரிச்சா..."

உர் சத்தம் நின்றது. ஸ்பீக்கரும் கட் என்று நின்றது. கதவு திறந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்தப் பிள்ளை வந்து இரண்டு பக்கமும் கழற்றி முகமூடியை எடுத்தாள். "ஒரு தடவ கூடக் கையத் தூக்கல அண்ணாச்சி" என்றாள். அப்போதுதான் கையைப் பார்த்தேன், வயிற்றின் மேல் கிடந்தது.

வாசலில் அவள் பையோடு நின்றாள். எனக்குக் குரல் வராது. காற்றும் எச்சிலுமாகக் கேட்டேன்.

"யாருடி எந்திரிச்சது?"

முந்தானையால் என் முகத்து வலைத் தடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"சனி, ஞாயிறு லீவு. ரெண்டு நா ஆறட்டும். திங்கக்கெழம உள்ள போயிப் படுங்க, சொல்லுதேன்."